ஆறு வாரம், ஒரு பூட்டு: பேரிடருக்குப் பிந்தைய பொது இடங்கள் பற்றிய ஆன்லைன் கோர்ஸ் எப்படி இருந்தது?

கோர்ஸ் முடிந்துவிட்டது. சான்றிதழ் பிடிஎஃப் நேற்று மெயிலில் வந்தது, என் பெயரில் ஒரு எழுத்து தப்பு. திருத்தித் தரச் சொல்லி எழுதினேன், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானியங்கிப் பதில் வந்திருக்கிறது. சரி, அதை விடுங்கள். கோர்ஸ் எடுக்கலாமா வேண்டாமா என்று இரண்டு பேர் கேட்டதால் எழுதுகிறேன். நடத்துகிறவர்கள் பெயரைப் போடவில்லை, கீழே கொஞ்சம் திட்டியிருக்கிறேன்.

பேரிடருக்குப் பிறகு மக்கள் மீண்டு வர உதவும் பொது இடங்களை எப்படி வடிவமைப்பது என்பது பாடம். பூங்கா, திடல், கூடம், நூலகம், தெருமுனை எல்லாம் அதில் அடக்கம். நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. இந்த மாதிரி வேலைகளுக்கு எஸ்டிமேட் போடுகிறவன். வரைபடம் அழகாக வரும், அதில் எத்தனை சதுர மீட்டர் டைல்ஸ், எத்தனை மீட்டர் கம்பிவேலி, எத்தனை பெஞ்ச் என்று கணக்கெடுப்பது என் பிழைப்பு. அதனால் இந்த விமர்சனம் கொஞ்சம் அந்தப் பக்கமாகத்தான் சாயும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். முதல் வாரமும் ஐந்தாவது வாரமும் அபாரம். மூன்றில் தூக்கம் வந்தது. ஆப் படுமோசம்.

முதல் வாரத்தில் வழக்கம்போல விளக்கப்படமும் அம்புக்குறியுமாக ஓட்டுவார்கள் என்று நினைத்து டீயோடு உட்கார்ந்தேன். பாடம் நேராக 1923 செப்டம்பர் 1, டோக்கியோவில் ஆரம்பித்தது. பகல் 11:58க்கு நிலநடுக்கம். மதியச் சமையல் நேரம், வீடெல்லாம் மரம், ஊரெங்கும் தீ. ஜனங்கள் திறந்தவெளியைத் தேடி ஓடுகிறார்கள். ஹொஞ்ஜோவில் ராணுவ உடைத் தொழிற்சாலை இருந்த இடம் காலி மனையாகக் கிடந்தது, அங்கே பெருங்கூட்டம் போய்ச் சேர்ந்தது. வண்டியில் மெத்தை, அலமாரி, பெட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். தீ சுழல்காற்றாக மாறி அந்த மனைக்குள் புகுந்தது. அந்த ஒரே இடத்தில் சுமார் 38,000 பேர் இறந்தார்கள். கொஞ்ச தூரத்தில் இவாசாகி குடும்பத்தின் தோட்டம், இன்றைக்குக் கியோசுமி தோட்டம் என்று பெயர். நடுவில் குளம், சுற்றிலும் அடர்ந்த மரங்கள். அங்கே போனவர்களில் சுமார் 20,000 பேர் பிழைத்ததாகச் சொல்வார்கள்.

இதைக் கேட்டுவிட்டு வீடியோவை நிறுத்திவைத்தேன். என் அளவுப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் எழுதுவேன்: 'திறந்தவெளி, இத்தனை சதுர மீட்டர்'. மரமும் குளமும் 'அழகுபடுத்தும் பணி' என்ற தலைப்பில் வரும், பணம் பற்றாவிட்டால் முதலில் அடிபடுகிற தலைப்பும் அதுதான்.

அதற்குப் பிறகு டோக்கியோவில் மூன்று பெரிய பூங்காக்கள், 52 சின்னப் பூங்காக்கள் கட்டினார்கள். அந்தச் சின்னப் பூங்காக்கள் தொடக்கப் பள்ளிகளை ஒட்டியே அமைந்தன. பள்ளிக்கூடம் கான்கிரீட், பக்கத்திலேயே பூங்கா. பிள்ளையை தினமும் கொண்டுவிட்டுக் கூட்டிவருகிற வழி என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம், இருட்டிலும் புகையிலும் வேறு எந்த வழி ஞாபகத்துக்கு வரும்? நூறு வருஷத்துக்கு முந்தைய யோசனை, இன்னமும் இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை.

அதே வாரத்தில் 1906 சான் பிரான்சிஸ்கோவும் வந்தது. நிலநடுக்கத்துக்குப் பின் பூங்காக்களில் முதலில் கூடாரம், அப்புறம் 5,610 குட்டி மரவீடுகள். முகாம் கலையும்போது பலர் அந்த வீட்டையே குதிரைவண்டியில் ஏற்றித் தங்கள் மனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாடம் எடுத்தவர் இங்கே சொன்ன ஒன்றை நான் நோட்டில் எழுதிவைத்தேன்: பேரிடரில் ஒரு பொது இடம் முதல் சில மணி நேரம் ஓடிவரும் இடம், அடுத்த சில மாதம் தங்கும் இடம், அதற்குப் பிறகு பல வருஷம் உட்கார்ந்து பேசும் இடம். முதல் இரண்டுக்கும் விதிமுறை உண்டு, பட்ஜெட் உண்டு. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. இந்த அடிப்படையிலேயே மிச்ச வாரங்களையும் கொண்டுபோயிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன்.

இரண்டாவது வாரம் அந்தப் 'பேசும் இடம்' பற்றித்தான். ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் தற்காலிக வீடுகளைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள், முதியவர்களுக்கு முன்னுரிமை. கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் ஒரே தெருவில் நாற்பது வருஷம் வாழ்ந்தவர்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாமல் தனியாக இறந்து, நாள் கழித்துத் தெரியவந்தவர்கள் பலர். 'கொடோகுஷி', அதாவது தனிமைச் சாவு என்ற சொல் அப்போதுதான் பெரிதாக அடிபட்டது. இத்தாலியின் லாக்விலாவில் 2009 நிலநடுக்கத்துக்குப் பின் 19 இடங்களில் 185 கட்டடங்களை மளமளவென்று எழுப்பினார்கள், அடியில் அதிர்வைத் தாங்கும் ஐசொலேட்டர் வைத்த தரமான கட்டுமானம். எஸ்டிமேட்காரனாக அந்த வேகத்துக்கு நான் சல்யூட் அடிப்பேன். ஆனால் ஊர் நடுவில் சதுக்கமும் கடையும் காப்பியுமாக வாழ்ந்தவர்களுக்கு அங்கே வீட்டுக்கு வெளியே போய் நிற்க ஒரு இடம் இல்லை.

ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பின் கட்டடக் கலைஞர் டோயோ இட்டோவும் அவர் நண்பர்களும் தொடங்கிய 'மின்னா நோ இயே', எல்லாருக்குமான வீடு, இந்தக் குறைக்கு விடையாக வந்ததுதான். முதல் வீடு சென்டாயில் ஒரு தற்காலிகக் குடியிருப்புக்குள் 2011 அக்டோபரில் முடிந்தது. சுமார் 40 சதுர மீட்டர்தான், என் வீட்டு மாடியைவிடச் சின்னது. கதவுக்கு வெளியே கால் தொங்கப்போட்டு உட்காரும் மரத் திண்ணை, உள்ளே விறகு அடுப்பு, எல்லாரும் சேர்ந்து உட்கார ஒரு மேசை. அவ்வளவுதான். உலகம் முழுக்க வித்தியாசமான கட்டடங்களுக்குப் பேர்போன ஒருவர் சரிவுக்கூரை போட்ட சாதாரண வீட்டைக் கட்டியிருக்கிறார், ஏனென்றால் அங்கே இருந்தவர்கள் கேட்டது அது. ரிக்குசென்டகாட்டாவில் கட்டிய இன்னொரு வீட்டுக்கு, சுனாமியின் உப்புநீரில் பட்டுப்போன தேவதாரு மரங்களையே தூணாக நிறுத்தினார்கள், 2012 வெனிஸ் பியெனாலே கட்டடக்கலைக் கண்காட்சியில் ஜப்பான் அரங்குக்குத் தங்கச் சிங்கம் வாங்கிக்கொடுத்தது அதுதான். எனக்கு விருது பெரிதாகப் படவில்லை, திண்ணைதான் பெரிதாகப் பட்டது. உள்ளே வரக் கூச்சப்படுகிறவர் அங்கே உட்காரலாம். கதவைத் தட்ட வேண்டாம், வந்த காரணம் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது வாரம் தண்ணீர். நெதர்லாந்தில் ராட்டர்டாமின் பெந்தெம்ப்ளைன் சதுக்கம் 2013இல் கட்டியது, வெயிலில் பந்து விளையாடும் பள்ளமான மைதானம், பெருமழையில் சுமார் 17 லட்சம் லிட்டர் பிடிக்கும் தொட்டி. நல்ல விஷயம்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் குழாய் விட்டமும் சரிவு விகிதமும் என்றால் எனக்கே கண் சொருகியது. அந்த வாரத்தில் எழுந்து உட்காரவைத்தது சிலி மட்டும். 2010இல் 8.8 அளவு நிலநடுக்கமும் சுனாமியும் கான்ஸ்டிட்யூசியோன் நகரத்தைத் துடைத்துப் போட்ட பிறகு கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலெமென்டல் குழு சுனாமி வேகத்தைக் குறைக்கக் கரையோரம் ஒரு காடு வைக்கலாம் என்று மக்களிடம் போய்ச் சொல்கிறது. மக்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அடுத்த பெரிய சுனாமி எப்போதோ வரும், ஆனால் ஒவ்வொரு வருஷமும் மழைக்கு ஊர் மூழ்குகிறதே, அதற்கு என்ன பண்ணுவீர்கள்? அதோடு இங்கே உட்கார ஒரு நல்ல பொது இடம்கூட இல்லையே. கடைசியில் அந்த ஒரே காட்டுக்கு மூன்று வேலை: அலையை மட்டுப்படுத்துவது, மழைநீரை வாங்குவது, ஊருக்குப் பூங்காவாக இருப்பது. பொறியாளர்கள் மட்டும் கூடிப் பேசியிருந்தால் சுவர் கட்டியிருப்பார்கள்.

நாலாவது வாரத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது. தலைப்பு, உபகரணங்கள். ஜப்பான் பூங்காக்களில் இருக்கும் 'கமாடோ' பெஞ்சைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார்கள். பார்க்கச் சாதாரண பெஞ்ச், மேல் பலகையைத் தூக்கினால் கீழே அடுப்பு, பெரிய அண்டாவை வைத்து முகாமுக்கே சமைக்கலாம். அப்புறம் மேன்ஹோல் டாய்லெட்: நடைபாதையில் வரிசையாகச் சின்ன மூடிகள், திறந்து மேலே இருக்கையும் கூடாரமும் மாட்டினால் கழிவறை, கழிவு நேராகச் சாக்கடைக் குழாய்க்குப் போய்விடும். இரண்டுமே எனக்குப் பிடித்தன. சும்மா இருக்கும் காலத்திலும் பெஞ்ச் பெஞ்சாகவே பயன்படுகிறது, மூடி மூடியாகவே கிடக்கிறது, இடத்தை அடைத்துக்கொண்டு துருப்பிடிப்பதில்லை.

ஆனால் நேரலை வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கூடாரமும் இருக்கையும் எங்கே இருக்கும்? கிடங்கில். கிடங்குக்குப் பூட்டு உண்டா? உண்டு. சாவி யாரிடம்? பாடம் எடுத்தவர் சிரித்துக்கொண்டே "அது பராமரிப்பு விஷயம், வடிவமைப்பு இல்லை" என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஜப்பானில் அந்த பெஞ்ச் வேலை செய்வதற்கு பெஞ்ச் மட்டும் காரணம் இல்லை. 1923இன் நினைவாக செப்டம்பர் 1ஐப் பேரிடர் தடுப்பு நாளாக வைத்து நாடு முழுக்க ஒத்திகை நடத்துகிறார்கள், குடியிருப்புச் சங்கத்தார் கூடி மூடியைத் திறந்து பார்க்கிறார்கள், அடுப்பு மூட்டிப் பார்க்கிறார்கள். பலகையை எந்தப் பக்கம் தூக்குவது என்று தெரிந்த ஒரு ஆள் அந்தத் தெருவில் இருக்கிறார். அந்த ஆளைச் சேர்க்காமல் பெஞ்சை மட்டும் வாங்கிப்போட்டால் அது விலை கூடிய பெஞ்ச், அவ்வளவே.

ஐந்தாவது வாரம் எடுத்தவர் வேறு ஒரு பெண்மணி. வடிவமைப்பு படித்தவர் இல்லை, தன்னார்வலர்களை ஒருங்கிணைத்தவர், பேச்சிலேயே தெரிந்தது. 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்து நகர மையமே மூடிக்கிடந்த நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சைப் பற்றியது. இடித்த கட்டடங்கள் விட்டுப்போன காலி மனைகளில் 'கேப் ஃபில்லர்' என்ற குழு தற்காலிகமாக ஏதாவது செய்துகொண்டே இருந்தது. 2012இல் பழைய காசு போடும் வாஷிங் மெஷின் ஒன்றை மனையில் கொண்டுவந்து வைத்தார்கள், காசு போட்டு உங்கள் போனைச் செருகினால் ஸ்பீக்கர் பாடும், விளக்கு எரியும், கீழே நடனத் தரை. 'டான்ஸ்-ஓ-மேட்'. கேட்டதும் இதென்ன கூத்து, வீடு இழந்தவன் ஆடவா போகிறான் என்றுதான் தோன்றியது. போயிருக்கிறார்கள், ஆடியிருக்கிறார்கள். மையத்துக்கு வர ஒரு காரணமும் இல்லாமல் போன ஊரில், அங்கே வருவதற்கு அது ஒரு காரணம். சரக்கு ஏற்றும் நீல மரத்தட்டுகள் (பேலட்) 3,000க்கும் மேல் அடுக்கித் தன்னார்வலர்கள் கட்டிய 'பேலட் பெவிலியன்' ஒரு கோடைக்கு மட்டும் என்று போட்டது. பிரிக்கும் நேரம் வந்ததும் மக்களே நிதி திரட்டி இன்னும் ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பானின் அட்டைக்குழாய்த் தேவாலயம் 2013இல் வந்தது, 700 பேர் உட்காரலாம்.

அந்தப் பெண்மணி சொன்னது எனக்கு நன்றாக உறைத்தது: தற்காலிகம் என்றால் தப்புப் பண்ண இடம் இருக்கிறது. சரியில்லையா, அடுத்த மாதம் பிரித்து எடுத்துவிடலாம். நிரந்தரமாகப் பண்ணும்போது அந்த வசதி கிடையாது. சிசிலியில் 1968 நிலநடுக்கத்தில் அழிந்த ஜிபெல்லினாவைக் கைவிட்டு வேறு இடத்தில் புது ஊர் கட்டினார்கள், பெரிய பெரிய சதுக்கங்கள், சிற்பங்கள். நடக்க ஆள் இல்லாத அகலம். பழைய ஊரின் இடிபாட்டின் மேல் இத்தாலியக் கலைஞர் அல்பெர்ட்டோ பூர்ரி வெள்ளைக் கான்கிரீட்டை ஊற்றி, பழைய தெருக்களின் சாயலில் விரிசல்களை மட்டும் நடைபாதையாக விட்டிருக்கிறார், சுமார் 8 ஹெக்டேர். படத்தில் பார்த்தபோது, உயிரோடு இருக்கும் புது ஊரைவிட அந்தக் கல்லறையில்தான் தெருவின் அகலம் சரியாக இருப்பதாக எனக்குப் பட்டது.

நியூ ஆர்லியன்ஸ் கதையையும் இதே வாரத்தில் சொன்னார். 2005 கத்ரீனா புயல் வெள்ளத்துக்குப் பிறகு 2006 ஜனவரியில் வந்த திட்ட வரைபடத்தில் சில பேட்டைகளின் மேல் பச்சை வட்டம் போட்டிருந்தது, பூங்கா வரக்கூடிய பகுதி என்று. காலையில் பேப்பரைப் பிரித்தவன் தன் வீட்டின் மேல் பச்சை வட்டத்தைப் பார்க்கிறான். போர்க்களமே ஆகிவிட்டது. அந்த வட்டத்துக்குள் இருந்த பிராட்மூர் மக்கள் கூடித் தாங்களே மீட்புத் திட்டம் எழுதினார்கள், வெள்ளத்தில் போன நூலகத்தைச் சமுதாயக் கூடத்தோடு சேர்த்து 2012இல் திறக்கவும் வைத்தார்கள். பூங்கா என்பது எல்லாருக்கும் இனிப்பான சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது வாரம் அசைன்மென்ட். பக்கத்தில் இருக்கும் ஒரு பொது இடத்தில் காலை, மதியம், இரவு என மூன்று வேளை உட்கார்ந்து கவனித்து அறிக்கை கொடுக்க வேண்டும். வீட்டுப் பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன். பெஞ்சில் யாரும் படுத்துவிடக் கூடாதென்று நடுவில் கம்பி. குழாய் இருக்கிறது, திருகு இல்லை, கழற்றிவைத்திருக்கிறார்கள். மதியம் நிழல் விழுகிற ஒரே இடத்தில் ஜெனரேட்டர் அறை. இரவு பத்துக்குக் காவலர் கேட்டைச் சாத்தினார், சங்கிலி சுற்றிப் பூட்டு போட்டார்.

"ஐயா, நடுராத்திரி ஏதாவது ஆபத்துன்னா இந்த கேட்டை யார் திறப்பாங்க?"

"சாவி என்கிட்டதான் தம்பி இருக்கு."

"நீங்க வீட்டுக்குப் போயிட்டா?"

"நான் வீட்டுக்குப் போனா சாவியும் வீட்டுக்குத்தானே வரும்."

இதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். மதிப்பீடு வந்தது: "நல்ல கவனிப்பு. செங்குத்துத் தோட்டம் ஒன்றைப் பரிசீலிக்கலாம்." இன்னொரு மாணவரிடம் கேட்டேன், அவருக்கும் அதே வரி, செங்குத்துத் தோட்டம் உட்பட. அவர் எழுதியிருந்தது ஒரு படகுத்துறையைப் பற்றி.

ஆப்பைப் பற்றி ஒரு பத்தி. அறிக்கை ஏற்றும்போது 90 சதவீதத்தில் நிற்கும், மறுபடி முதலிலிருந்து. போட்டோ பெரிதாக இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிடும். கம்ப்யூட்டரில் பண்ணுங்கள்.

விட்டுப்போனவையும் உண்டு. வெப்ப அலை பற்றி ஆறு வாரத்தில் ஒரு வரி இல்லை. 1995 ஜூலையில் சிகாகோவில் வெயிலுக்கு 739 பேர் கூடுதலாக இறந்தார்கள், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பேட்டைகளில் ஒன்றின் சாவு விகிதம் மற்றதைவிடப் பத்து மடங்கு. இரண்டிலும் ஏழைகளும் தனியாக வாழும் முதியவர்களும் உண்டு. தப்பித்த பேட்டையில் கடைத்தெரு உயிரோடு இருந்தது, வெளியே வர ஒரு காரணம் இருந்தது. இந்தக் கோர்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எது? வங்கதேசப் புயல் காப்பகங்களையும் தொடவில்லை. நாள்தோறும் பள்ளிக்கூடமாக நடக்கும் கட்டடமே புயலன்று காப்பகம். தனிக் கழிவறை இல்லாததால் பெண்கள் வரத் தயங்கியது, மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றவர்களுக்காக 'கில்லா' என்ற மண்மேட்டை உயர்த்தியது என்று அங்கே ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின்னால் ஒரு படிப்பினை இருக்கிறது.

சரி, யார் எடுக்கலாம்? ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்கு முதல் வாரத்து டோக்கியோ போதும், பணம் வீணில்லை. உள்ளாட்சியில், ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் ஐந்தாவது வாரத்தை இரண்டு தடவை பாருங்கள், நாலாவதைப் பார்க்கும்போது சாவிக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தன்னார்வக் குழுக்காரர்கள் மூன்றைத் தாண்டிப் போகலாம், சிலியை மட்டும் பார்த்துவிட்டு. சான்றிதழுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

போன வாரம் ஒரு சின்னப் பூங்காவுக்கு எஸ்டிமேட் அனுப்பினேன். டைல்ஸ், வேலி, பெஞ்ச் எல்லாம் எழுதி, கடைசியில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: "கேட் பூட்டுக்கு மாற்றுச் சாவி, 3. பூங்காவை ஒட்டிக் குடியிருப்பவர்களிடம் ஒப்படைக்க." இன்று திரும்பி வந்திருக்கிறது. மற்ற எல்லா வரிக்கும் பச்சை மையில் டிக், அந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி.